பிரஷர் இருந்தால் கிட்னி டெஸ்ட் எதற்கு? ரத்த அழுத்தத்தை ஆட்டிவைக்கும் சிறுநீரக ஹார்மோன்களின் கதை

பிரஷர் செக் பண்ணப் போனா கையில பட்டை கட்டுறாங்க. அளவு கூடியிருக்குன்னு தெரிஞ்சதும் ஈசிஜி எடுக்கச் சொல்றாங்க. இதுவரைக்கும் எல்லாருக்கும் புரியுது. ஆனால் அடுத்ததாக ஒரு சீட்டில் 'கிரியாட்டினின், பொட்டாசியம், யூரின் டெஸ்ட்' என்று டாக்டர் எழுதித் தரும்போதுதான் பலரும் முழிக்கிறார்கள். "எனக்கு பிரஷர் மட்டும்தானே சார், கிட்னிக்கு எதுக்கு டெஸ்ட்?"

நியாயமான கேள்விதான். ரத்த அழுத்தம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இதயம். ஆனால் உடம்பில் அழுத்தம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை நாள்கணக்கில், மாதக்கணக்கில் தீர்மானிப்பதில் பெரிய பங்கு சிறுநீரகத்துக்குத்தான். அதற்காக அது ஒரு ஹார்மோன் சங்கிலியையே கையில் வைத்திருக்கிறது. இன்று கோடிக்கணக்கானவர்கள் காலையில் விழுங்கும் பிபி மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தச் சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணியைத்தான் வெட்டுகிறது.

அழுத்தம் எப்படிக் கூடுகிறது?

நம் ரத்த ஓட்டம் ஒரு மூடிய குழாய் அமைப்பு. நடுவில் இதயம் என்ற மோட்டார். இந்தக் குழாயில் அழுத்தம் கூட வேண்டுமென்றால், மோட்டார் வேகமாக அடிக்க வேண்டும், அல்லது குழாய் குறுக வேண்டும், அல்லது உள்ளே ஓடும் ரத்தத்தின் அளவு கூட வேண்டும். மோட்டார் வேலை இதயத்துடையது. மற்ற இரண்டிலும் சிறுநீரகத்தின் கை இருக்கிறது.

ஒரு சிறுநீரகம் சுமார் 150 கிராம் எடைதான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அங்கே ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போச்சு? எல்லாமே உப்போடு சேர்த்து மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. 99 சதவீதத்துக்கு மேல் ரிட்டர்ன்!

விஷயமே இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய வரவு செலவில், திருப்பி அனுப்பும் உப்பைத் துளி கூட்டினாலே போதும், ரத்தத்தின் அளவு ஏறும், அழுத்தமும் ஏறும். துளி குறைத்தால் இறங்கும். அந்தத் துளியைக் கூட்டிக் குறைக்கும் உத்தரவுதான் ஹார்மோன் வழியாக வருகிறது.

வாசலில் ஒரு காவல்காரர்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ரத்தம் உள்ளே நுழையும் குட்டி ரத்தக்குழாயின் சுவரில் சில சிறப்பு செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. இவை குழாய் எவ்வளவு விரிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் குறைந்து குழாய் தளர்ந்தால், உடனே 'ரெனின்' என்ற பொருளை ரத்தத்தில் விடும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. வடிகட்டியிலிருந்து கிளம்பும் சிறுநீர்க் குழாய் கீழே இறங்கி, வளைந்து, திரும்பவும் தன் சொந்த வடிகட்டியின் வாசலையே வந்து தொட்டுவிட்டுப் போகிறது. ஏன் இந்தச் சுற்று? அங்கே இருக்கும் செல்கள், கடந்து போகும் நீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று ருசி பார்க்கின்றன. சமையல்கட்டில் குழம்பை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. உப்பு குறைவாக வந்தால், 'ரெனினை விடு' என்று பக்கத்து செல்களுக்குத் தகவல் போகும்.

மூன்றாவது, நரம்பு வழி. பயம், பதற்றம், ரத்த இழப்பு போன்ற நேரங்களில் நரம்பு மண்டலமும் இதே செல்களைத் தட்டி எழுப்பும்.

கத்தரி மேல் கத்தரி

கறாராகச் சொன்னால் ரெனின் ஹார்மோன் இல்லை. அது ஒரு நொதி, ஒரு கத்தரிக்கோல். ஆனால் சுரந்து ரத்தத்தில் கலந்து தூரத்தில் வேலை செய்வதால் ஹார்மோன் கூட்டத்தில் சேர்த்தே பேசுகிறார்கள்.

இந்தக் கத்தரி எதை வெட்டும்? கல்லீரல் தயாரித்து எப்போதும் ரத்தத்தில் மிதக்கவிடும் 'ஆஞ்சியோடென்சினோஜன்' என்ற நீளமான புரதத்தை. அதன் முனையிலிருந்து 10 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை ரெனின் நறுக்கி எடுக்கும். இதற்குப் பெயர் ஆஞ்சியோடென்சின் 1. இது பெரிதாக எதுவும் செய்யாது, சும்மா சுற்றும். நுரையீரலைக் கடக்கும்போது அங்குள்ள நுண்குழாய்களின் சுவரில் காத்திருக்கும் 'ஏஸ்' என்ற இன்னொரு நொதி, அதிலிருந்து மேலும் 2 அமினோ அமிலங்களை வெட்டிவிடும். மிஞ்சுவது எட்டே எட்டு. அதுதான் ஆஞ்சியோடென்சின் 2. பார்க்கச் சின்ன துண்டு, வேலையோ பூதாகாரம்.

உடம்பெங்கும் சிறு ரத்தக்குழாய்களை இது நெரிக்கும். அழுத்தம் சட்டென ஏறும். மூளைக்குப் போய் தாகத்தைக் கிளப்பும், சிறுநீரைக் குறைக்கும் மற்றொரு ஹார்மோனையும் கூட்டும். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியிடம் 'ஆல்டோஸ்டிரோனை வெளியே விடு' என்று சொல்லும். ஆல்டோஸ்டிரோன் நெஃப்ரானின் கடைசிப் பகுதிக்கு வந்து, சிறுநீரில் தப்பிப் போகவிருந்த சோடியத்தைப் பிடித்து ரத்தத்துக்குத் திருப்பும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். அதற்கு ஈடாகப் பொட்டாசியம் வெளியேறும். குழாய் நெரிவது உடனடியாக நடக்கிற வேலை. ஆல்டோஸ்டிரோன் விவகாரம் நிதானமானது, பலன் தெரியச் சில மணி நேரமாகும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை பற்றிப் பேசும்போது தேவைப்படும். வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. ஆஞ்சியோடென்சின் 2 இதில் வெளியே போகும் குழாயைத்தான் அதிகமாக இறுக்கும். வாசலை லேசாக மூடினால் உள்ளே கூட்டம் நெருக்குமே, அதுபோல வடிகட்டிக்குள் அழுத்தம் நிற்கும். உடம்பில் பிரஷர் விழுந்தாலும் சுத்திகரிப்பு நிற்காமல் ஓடும்.

நம்மைக் காப்பாற்ற வந்ததே நமக்கு எதிரியா?

விபத்தில் ரத்தம் போனாலோ, வயிற்றுப்போக்கில் உடல் வற்றினாலோ நாம் மயங்கி விழுந்து சாகாமல் இருக்க உதவுவது இந்தச் சங்கிலிதான். உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில், கிடைத்ததை விடாமல் பிடித்து வைக்கவும் இதுதான் உதவியது.

இதற்கு நேரடி சாட்சி, அமேசான் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடி மக்கள். இவர்கள் உணவில் உப்பு சேர்ப்பதில்லை. 1970-களில் இவர்களைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், இவர்களிடம் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். உப்பைச் சொட்டுக்கூட விடாமல் பிடித்து வைக்கும் முயற்சி அது. பல நாடுகளில் ஒரே முறையில் உப்பையும் பிபி-யையும் அளந்து 1988-ல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்விலும் இவர்கள் இடம்பெற்றார்கள். சராசரியாக மேல் அளவு 100-க்கும் கீழே. வயது ஏறினாலும் பிபி ஏறவில்லை. 'வயசானா பிரஷர் வரத்தான் செய்யும்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை இவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

நம் கதை தலைகீழ். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பாக்கெட் சிப்ஸ் என்று வரிசையாக வந்தால் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடும். இவ்வளவு உப்பு வரும்போது ரெனின் அடங்கிப் போக வேண்டும். பலருக்கு அப்படி அடங்கவும் செய்கிறது. ஆனால் சிலருக்கு அடங்க வேண்டிய அளவுக்கு அடங்குவதில்லை. இன்னும் சிலருக்கு ரெனின் அடங்கினாலும் வந்த உப்பைச் சிறுநீரகம் சரியாக வெளியே தள்ளுவதில்லை. அதனால்தான் ஒரே மாத்திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை.

முயலில் ஆரம்பித்து பாம்பில் முடிந்த ஆராய்ச்சி

1898-ல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டைகர்ஸ்டெட், அவருடைய உதவியாளர் பேர் பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து வேறொரு முயலின் ரத்தத்தில் செலுத்தினார்கள். அந்த முயலின் அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். அதோடு சரி. முப்பது வருஷத்துக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1934-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர், நாய்களின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு சின்ன கவ்வியை மாட்டி லேசாக இறுக்கினார். நாய்களுக்கு நிரந்தரமாக பிபி ஏறிவிட்டது. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை தனக்கு வரும் ரத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 'உடம்பிலேயே அழுத்தம் இறங்கிவிட்டது போல' என்று தவறாக நினைத்து ரெனினைக் கொட்டுகிறது. குழாயில்தான் அடைப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்?

இது நாய்க்கு மட்டும் நடப்பதில்லை. வயதானவர்களுக்குச் சிறுநீரக ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்தாலும் இதே கதைதான். இந்தியாவில் இளம் வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, பெரிய ரத்தக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும் 'டகாயாசு ஆர்டரைட்டிஸ்' என்ற நோயும் ஒரு முக்கியக் காரணம். இருபது, இருபத்தைந்து வயதில் ஒருவருக்கு பிபி எகிறினால் 'டென்ஷன் போல' என்று விட்டுவிடாமல் டாக்டர்கள் சிறுநீரக ரத்தக்குழாயை ஸ்கேன் செய்யச் சொல்வது இதனால்தான்.

கோல்ட்பிளாட்டுக்குப் பிறகு வேகம் பிடித்தது. ரெனின் வெட்டி எடுக்கும் துண்டை அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. ஒரு குழு 'ஹைப்பர்டென்சின்' என்றது, இன்னொன்று 'ஆஞ்சியோடோனின்' என்றது. பல வருஷம் இரண்டு பெயரும் புழங்கின. கடைசியில் 1958-ல் சமரசமாகி, ஆளுக்குப் பாதி எடுத்து ஒட்டிய பெயர்தான் 'ஆஞ்சியோடென்சின்'. கூட்டணிப் பெயர்!

பாம்பு எங்கே வருகிறது? பிரேசிலில் ஜராராகா என்ற விரியன் வகைப் பாம்பு உண்டு. கடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் தடாலென்று விழும். அந்த விஷத்தை ஆராய்ந்த பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரெய்ரா, 1960-களில் அதன் சாற்றோடு லண்டனுக்குப் போய் ஜான் வேனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். விஷத்தில் உள்ள ஒரு பொருள், நாம் முன்னே பார்த்த 'ஏஸ்' கத்தரியை முடக்குவது அங்கே தெரியவந்தது. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் மிகேல் ஒன்டெட்டி, டேவிட் குஷ்மன் இருவரும் அதை முன்மாதிரியாக வைத்து, வாயால் விழுங்கக்கூடிய ஒரு சின்ன மூலக்கூறை வடிவமைத்தார்கள். அதுதான் கேப்டோபிரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பயப்பட வேண்டாம், மாத்திரையில் விஷம் எதுவும் கிடையாது. பூட்டைப் பார்த்துச் செய்த சாவி மாதிரிதான் அது.

உங்கள் மாத்திரை எந்தக் கண்ணியை வெட்டுகிறது?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் 'பிரில்' என்று முடிந்தால் (எனலாபிரில், ராமிபிரில்) அது ஏஸ் கத்தரியைக் கட்டிப்போடும் வகை. 'சார்டன்' என்று முடிந்தால் (லோசார்டன், டெல்மிசார்டன்) ஆஞ்சியோடென்சின் 2 உருவாகட்டும், ஆனால் அது போய் உட்காரும் இருக்கையை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும் வகை. ஸ்பைரோனோலேக்டோன் என்றால் ஆல்டோஸ்டிரோனின் இருக்கை. அம்லோடிபின் இந்தச் சங்கிலியில் சேராது, அது ரத்தக்குழாயின் தசையை நேரடியாகத் தளர்த்தும்.

பிரில் வகையில் பிரபலமான ஒரு தொல்லை வறட்டு இருமல். ஏஸ் நொதிக்கு 'பிராடிகைனின்' என்ற இன்னொரு பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. ஏஸை முடக்கினால் அது தேங்கி, தொண்டையில் அரிப்பெடுத்து இருமல் வரும். இருமல் டானிக்காக வாங்கிக் குடித்து, டிபி டெஸ்ட் வரை போய்விட்டு வருகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் சார்டன் வகைக்கு மாற்றிவிடுவார், பெரும்பாலும் இருமல் போய்விடும். ஆனால் உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது வேறு விஷயம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் இந்த இரண்டு வகையையும் எடுக்கக் கூடாது. வயிற்றில் வளரும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிபி இருக்கிற பெண்கள் 'குழந்தைக்கு முயற்சி பண்றோம்' என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள்.

அந்த டெஸ்ட் சீட்டுக்கு வருவோம்

வெளியே போகும் குழாயை ஆஞ்சியோடென்சின் 2 இறுக்கும் என்று சொன்னோம் இல்லையா? மாத்திரை போட்டதும் அந்தக் குழாய் தளர்ந்துவிடும். வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கும். அதனால் ஆரம்பத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். இதைப் பார்த்துவிட்டு 'பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடுச்சு' என்று தானாகவே நிறுத்துபவர்கள் ஏராளம். உண்மையில், பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரைக்கும் ஏறி அங்கேயே நின்றால் பொதுவாக டாக்டர்கள் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். ஏனென்றால், சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, வடிகட்டியின் மீதான இந்த அழுத்தம் குறைவதுதான் நீண்ட காலத்தில் கிட்னியைக் காப்பாற்றுகிறது. அதற்கு மேல் ஏறினால்தான் கேள்வி வரும்: ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, வேறு ஏதாவது மருந்து சேர்கிறதா?

அந்த 'வேறு ஏதாவது மருந்து' பெரும்பாலும் வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாயைச் சுருக்கிவிடும். வெளிக் குழாய் பிபி மாத்திரையால் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. கூடவே நீர் பிரியும் மாத்திரையும் இருந்து, ரெண்டு நாளாக வாந்தி பேதி என்றால் உள்ளே வரும் ரத்தமே குறைச்சல். மூன்றும் சேர்ந்தால் நல்லா இருந்த கிட்னி சில நாட்களிலேயே படுத்துவிடக்கூடும். பாராசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் நாட்களில் பிபி மாத்திரையைத் தொடரலாமா, சில நாள் நிறுத்திவைக்கலாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது அவசியம்.

பொட்டாசியம் டெஸ்ட் ஏன் என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஆல்டோஸ்டிரோனின் வேலை பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது. மாத்திரை அதைத் தடுத்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கலாம். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். கிட்னி நன்றாக இருப்பவர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கிட்னி பாதிப்பும் இருந்து, இந்த மாத்திரையும் எடுப்பவர்கள் தினமும் இளநீர் குடிப்பது, 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிச் சேர்ப்பது இரண்டையும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடைத்தான்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே பொட்டாசியம் குறைவாக இருந்தால் அது வேறு துப்பு. 1955-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான், அடங்காத பிபி, தசைப் பலவீனம், குறைந்த பொட்டாசியத்தோடு வந்த ஒரு பெண்ணின் அட்ரினல் சுரப்பியில் சின்னக் கட்டி ஒன்று ரெனினின் உத்தரவே இல்லாமல் ஆல்டோஸ்டிரோனைச் சுரப்பதைக் கண்டுபிடித்தார். கட்டியை அகற்றியதும் குணம் தெரிந்தது. ரொம்ப அரிய நோய் என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், பிபி உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று தெரிந்தது. பொட்டாசியம் சரியாக இருப்பவர்களுக்கும் வரும் என்பதுதான் இதில் சிக்கல்.

மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை, அல்லது சின்ன வயசிலேயே வந்துவிட்டது என்றால், ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் அளந்து ஒப்பிடும் டெஸ்ட் தேவையா என்று உங்கள் டாக்டரிடமே கேட்கலாம். எடுக்கும் சில மாத்திரைகள் அந்த ரிசல்ட்டை மாற்றிவிடும் என்பதால், டெஸ்டுக்கு முன் எதை நிறுத்த வேண்டும், எத்தனை வாரம் நிறுத்த வேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.